நுரையீரலின் உறையணுக்களும் புற்றுநோயும்



மொழி மன்றத்தின் பொதுச்சொற்பொழிவு வரிசையில் மருத்துவப் பொருள் ஒன்று இடம்பெறுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். நான் மருத்துவனல்லன், மொழியியல் பயின்றவன். ஆயினும், ஒரு குடும்பத்தில் நோய் கண்டபோது மருத்துவர் கூறியதை வீட்டிலுள்ள முதியோர்க்கு எடுத்துரைப்பவர் யார்? பெரும்பாலும் படிக்கின்ற பிள்ளைகளே. அவர்கள் அறிவியலை இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். பாட்டியிடம் பேசுவதோ தமிழில். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் சொற்கள் சரியாக அமையாவிடின் செய்தி திரிந்துவிடும். அவ்வாறு திரியும் செய்திகளுள் ஒன்றைப் பற்றியதே இவ்வுரை.

"எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் புற்றுநோய் வந்தது, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் போய்விடும்" என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இக்கூற்றின்மேல் நம்பிக்கை வைத்துச் சத்துமாவும் பானமும் மூலிகைக் குளிகையும் வாங்கி, மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடுவோர் உளர். நுரையீரற் புற்றுநோயைப் பொறுத்தவரை இக்கூற்று அரைகுறையானது. நுரையீரலிலேயே நிலையாக வாழும் எதிர்ப்பு உயிரணுக்களுள் சில புற்றுநோயை அடக்குகின்றன. வேறு சிலவோ அதன் தொடக்க நாளிலேயே அதற்கு நிழல் தருகின்றன. ஆகவே 'எதிர்ப்பு எவ்வளவு உளது?' என்று கேட்பதினும், 'எந்த அணு, எவ்விடத்தில், எக்காலத்தில்?' என்று கேட்பதே தகும். இதனை விளக்குவதே என் நோக்கம்.

1. சொல்லின் வரலாறு

முதலில் 'எதிர்ப்பாற்றல்' என்னும் சொல்லையே காண்போம். ஆங்கிலத்தார் வழங்கும் 'இம்யூனிட்டி' என்பது இலத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'மூனுஸ்' என்பது ஊர்க்கடமை, வரி முதலியவற்றைக் குறிக்கும். 'இம்மூனிஸ்' என்பது அவற்றினின்று விலக்குப் பெற்றவன் என்று பொருள்படும். நம் கல்வெட்டுகளில் காணும் 'இறையிலி' என்னும் சொல்லோடு ஒப்பிடத்தக்கது அது. நோய்க்கு வரி செலுத்த வேண்டாதவன் என்பது போன்ற கருத்து பின்னரே மருத்துவத்தில் ஏறியது. மலாயில் வழங்கும் 'டாயா தாஹான்' என்பதோ தாங்கும் ஆற்றலைச் சுட்டுவது. தமிழில் 'நோய் எதிர்ப்பாற்றல்' என்றோம். தமிழ்நாட்டுப் பாடநூலார் 'நோய்த்தடைக்காப்பு' என்பர்.

ஒரே பொருளை விலக்கு என்றும், தாங்குதல் என்றும், எதிர்த்தல் என்றும், காத்தல் என்றும் நால்வகையாக மொழிகள் பார்க்கின்றன. 'எதிர்ப்பு' என்றவுடன் போர்க்களம் ஒன்று மனத்தில் விரிகிறது: பகைவன் வெளியே, படைவீரன் உள்ளே. ஆனால் புற்றுநோய் வெளியிலிருந்து வரும் பகையன்று. நம் உடலின் சொந்த உயிரணுவே கட்டுமீறிப் பெருகுவது. எனவே போர்க்களப் படம் இங்கே முழுமையாகப் பொருந்தவில்லை.

2. காற்று நுழையும் இடம்

மனித நுரையீரல்களில் ஏறத்தாழ 48 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களை விரித்துப் பரப்பினால் பெரிய வீடொன்றின் தளப்பரப்பை நிரப்பும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்று அவ்வழியே சென்று மீள்கிறது. அக்காற்றோடு தூசியும் புகைத்துகளும் நுண்ணுயிரும் உட்செல்கின்றன.

காற்றின்வழி நோய் பரவும் என்பதை உலகுக்கு உணர்த்தியவருள் ஒருவர் நம் பினாங்கில் 1879-இல் பிறந்த மருத்துவர் வூ லியன் தே ஆவார். 1910-11-இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரற் கொள்ளைநோய் மூச்சின் வழியே தொற்றுகிறது என்று கண்டு, துணியாலும் பஞ்சாலும் ஆன முகக்கவசத்தை அணியச் செய்தவர் அவர். முகக்கவசம் வாயிலுக்கு வெளியே நிற்கும் காப்பு. வாயிலைக் கடந்து உள்ளே வந்துவிட்டதை யார் கையாள்கின்றனர்? அங்கேயே உறையும் உயிரணுக்கள்தாம்.

அவற்றுள் முதன்மையானது 'மக்ரோஃபாஜ்' எனப்படும் பெருவிழுங்கி. கிரேக்கத்தில் 'மக்ரோஸ்' என்பது பெரியது. 'ஃபாகேய்ன்' என்பது உண்ணுதல். பெயரிட்டவர் உருசிய அறிஞர் இலியா மெச்னிக்காவ். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் இளவுயிரியின் உடலில் முள்ளொன்றைக் குத்திவைத்தார். நகரும் அணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து மொய்த்ததைக் கண்டார். இக்கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாக 1908-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவர்க்கும் பவுல் ஏர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

3. உறைவனவும் வருவனவும்

இவ்விழுங்கிகள் எங்கிருந்து வருகின்றன? 1970-களில் லைடன் நகரத்து ரால்ஃப் ஃபான் ஃபூர்த் முதலானோர், எலும்பு மச்சையில் பிறந்து இரத்தத்தில் திரியும் ஒற்றையுட்கரு அணுக்களே திசுக்களுக்குள் புகுந்து பெருவிழுங்கிகளாக மாறுகின்றன என்றனர். நீண்டகாலம் அக்கருத்தே பாடநூல்களில் நிலைத்திருந்தது.

2010-ஆம் ஆண்டை ஒட்டி இக்கொள்கை அசைந்தது. பின்னர்ச் சிங்கப்பூரில் ஆய்வு நடத்திய ஃபுளோரான் ஜினூவும், நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மிரியம் மெராட்டும், மூளையில் உறையும் விழுங்கிகள் கருவின் மிகத் தொடக்க நிலையிலேயே கருவுணவுப் பையில் தோன்றி மூளைக்குக் குடிபெயர்வதை எலிகளில் காட்டினர். 2013-இல் பெல்ஜிய நாட்டின் கெண்ட் நகர ஆய்வாளர்கள் நுரையீரலைப் பற்றி இதனையொத்த செய்தியை வெளியிட்டனர். கருவிலிருக்கும்போதே நுரையீரலுக்கு வந்துசேர்ந்த முன்னோடி அணுக்கள், எலிக்குட்டி பிறந்து முதல் மூச்சு விட்ட சில நாள்களுக்குள் நுண்ணறைப் பெருவிழுங்கிகளாக முதிர்கின்றன. அதன்பின் அவை தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டு அங்கேயே வாழ்கின்றன. நோயோ காயமோ நேரும்போது இரத்தத்திலிருந்து வேறு அணுக்கள் வந்து அவற்றோடு சேர்கின்றன.

ஆக, நுரையீரலில் இருவகைப் பெருவிழுங்கிகள் உள. ஒன்று உறைவது, மற்றொன்று வேண்டும்போது வருவது. இவற்றுக்குத் தமிழில் எப்பெயர் இடலாம்? முன்னதை 'உறையணு' என்கிறேன். உறைதல் என்பது தங்கி வாழ்தல். 'உறைவிடம்', 'உறையுள்' என்னும் சொற்களால் மாணவர்க்கு எளிதில் விளங்கும். பின்னதை 'வந்தேறி அணு' என்று மொழிபெயர்ப்பார் இருக்கக்கூடும். வேண்டாம் என்பேன். அச்சொல் நம் நாட்டுத் தமிழர் செவியில் எத்தகைய சுவையோடு விழும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. மேலும் அது, வந்தவை தீயவை, இருந்தவை நல்லவை என்னும் முன்முடிவையும் உடன்கொண்டுவரும். அம்முடிவு அறிவியல்முறையில் பிழை என்பதை இனிக் காண்போம். 'வருகையணு' என்பதே நடுநிலையான பெயர்.

4. பேணுதலே முதற்பணி

நுண்ணறைப் பெருவிழுங்கியின் அன்றாட வேலை போர் அன்று, வீட்டுவேலை. நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரியும்பொருட்டு, அவற்றின் உட்சுவரில் வழவழப்பான நெய்மப் படலம் ஒன்று சுரந்துகொண்டேயிருக்கிறது. பழையதை அகற்றினால்தான் புதியதற்கு இடமுண்டு. அகற்றுபவை இவ்விழுங்கிகளே. இவை முதிர்வதற்கு வேண்டிய தூண்டுபொருள் சிலர்க்குச் செயற்படாமற்போகிறது. அவர்தம் நுண்ணறைகளில் அப்படலம் தேங்கிப் பால்போன்ற நீர்மமாக நிரம்பி மூச்சு முட்டுகிறது. அரிதான அந்நோயில் கிருமி எதுவும் இல்லை. வீட்டைக் கூட்டுவார் இல்லை, அவ்வளவே.

இரண்டாம் பணி இன்னும் நுட்பமானது. 2020-இல் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தார், உயிருள்ள எலியின் நுரையீரலை நுண்ணோக்கியின்வழி பார்த்தனர். இவ்விழுங்கிகள் ஒரு நுண்ணறையிலிருந்து மறு நுண்ணறைக்கு ஊர்ந்து சென்று, உட்புகுந்த நுண்ணுயிர்களைப் பிறர் அறியாமல் விழுங்கிவிடுவதைக் கண்டனர். விழுங்கிகளின் ஊர்தல் தடைப்பட்டபோது, நுண்ணுயிர்கள் வெளிப்பட்டு, இரத்தத்தின் வெள்ளணுக்கள் திரண்டு வந்து நுரையீரலுக்கே ஊறு விளைத்தன.

இதனை நம் வாழ்வினின்று விளக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைபாதையில் ஒரு குப்பைக்கூடை புகைகிறது. அங்கேயே இருக்கும் காவலாளி ஒரு வாளி நீரூற்றி அணைத்துவிடுகிறார். தீயணைப்பு வண்டி வந்திருந்தால் தீயும் அணைந்திருக்கும்; வீடுகளும் நனைந்திருக்கும். அமைதி கெடாமல் காரியம் முடிப்பதே அக்காவலாளியின் திறமை. நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை தூசியைச் சந்திக்கும் நுரையீரலில், ஒவ்வொரு முறையும் போர் மூளுமாயின் நாம் மூச்சுவிட இயலாது. ஆகவே 'அடக்கிவைத்தல்' என்பது இவ்வுறையணுக்களின் பிறவிக்குணம்.

இக்குணமே புற்றுநோயின் முன் நிற்கும்போது வேறு பொருள் பெறுகிறது.

5. தொடக்கக் கட்டியின் அண்டை வீட்டார்

2021-இல் மேற்கூறிய மிரியம் மெராட்டின் குழுவினர் 'நேச்சர்' ஆய்விதழில் முதன்மையான கட்டுரையொன்றை வெளியிட்டனர். நுரையீரற் புற்றுநோய் தோன்றும் மிகத் தொடக்க நிலையில், கட்டியணுக்களை ஒட்டி நிற்பவை உறையும் பெருவிழுங்கிகளே என்று மனிதத் திசுக்களிலும் எலிகளிலும் அவர்கள் கண்டனர். அவற்றின் அண்மையால் கட்டியணுக்கள் ஒட்டியிருக்கும் தன்மை குறைந்து, ஊடுருவிப் பரவும் தன்மை பெற்றன. மேலும், எதிர்ப்பை அடக்கும் 'ஒழுங்காற்று டி அணுக்கள்' அங்கே பெருகின; அவற்றின் மறைவில் கட்டியணுக்கள் கொல்லப்படாமல் தப்பின.

கட்டி வளர்ந்தபின் காட்சி மாறுகிறது. உறையணுக்கள் கட்டியின் ஓரத்திற்கு ஒதுங்குகின்றன. உள்ளிடத்தை இரத்தத்திலிருந்து வந்த வருகையணுக்கள் நிரப்புகின்றன. எலிகளில் உறையணுக்களை முன்னதாகவே நீக்கியபோது, ஒழுங்காற்று அணுக்கள் குறைந்தன. கொல்லும் டி அணுக்கள் கூடின. கட்டியின் வளர்ச்சியும் ஊடுருவலும் தணிந்தன.

ஒழுங்காற்று டி அணுக்களைப் பற்றி ஒரு சொல். அவை தீயவையல்ல. நம் எதிர்ப்பணுக்கள் நம் உடலையே தாக்காதவாறு கடிவாளமாக இருப்பவை அவை. அவற்றைக் கண்டறிந்தமைக்காகவே சப்பானியர் சிமோன் சகாகுச்சி, அமெரிக்கர் மேரி பிரங்கோ, ஃபிரெட் இராம்ஸ்டெல் ஆகியோர்க்கு 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே யாரும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். காயம்பட்ட திசுவைத் தேற்றுவதும் கலகத்தை அடக்குவதும் உறையணுவின் இயல்பான பணி. முளைவிடும் கட்டி, ஆறாத காயம்போல் அதற்குத் தோன்றுகிறது. அது தன் வழக்கமான பரிவைக் காட்டுகிறது. அப்பரிவைக் கட்டி பயன்படுத்திக்கொள்கிறது.

6. புகையும் பெருவிழுங்கியும்

புகைபிடிப்போரின் நுண்ணறைகளில் இவ்விழுங்கிகள் பலமடங்கு பெருகியிருக்கும். அவை கரும்பழுப்பு நிறமேறியிருக்கும். நுரையீரற் புற்றுநோயின் தலையாய காரணம் புகையிலையே என்பதில் ஐயமில்லை. ஆனால் வாழ்நாளில் ஒருமுறையும் வெண்சுருட்டைத் தொடாதவர்க்கும் இந்நோய் வருகிறது. ஆசியப் பெண்களிடையே இது மிகுதி. அத்தகையோர்பால் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்னும் மரபணுவின் பிறழ்வு பெரிதும் காணப்படுகிறது.

2023-இல் இலண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் சார்லஸ் சுவாண்டன் குழுவினர் இதன் காரணத்தை ஆராய்ந்தனர். இப்பிறழ்வால் வந்த 32,957 புற்றுநோய் நேர்வுகளை நான்கு நாடுகளின் தரவுகளிலிருந்து தொகுத்து, காற்றில் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களின் அளவு கூடுமிடத்தில் இந்நோயும் கூடுவதைக் கண்டனர். அடுத்து, நோயற்றதாகத் தோன்றிய நுரையீரல் திசுக்களை 295 பேரிடமிருந்து பெற்று நுணுகி நோக்கினர். அவற்றுள் 18 விழுக்காட்டில் இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வும், 53 விழுக்காட்டில் 'கே-ராஸ்' பிறழ்வும் இருந்தன. அதாவது, விதை பலர் உடலிலும் கிடக்கிறது; எல்லாரிடத்தும் முளைப்பதில்லை.

முளைக்கச் செய்வது எது? எலிகளில் அக்குழுவினர் கண்டது இது: நுண்துகள்கள் புகுந்ததும் நுரையீரலில் பெருவிழுங்கிகள் திரள்கின்றன, 'இன்டர்லூக்கின் ஒன்று-பீட்டா' என்னும் அழற்சிப் பொருள் வெளிப்படுகிறது, அதன் தூண்டுதலால் பிறழ்வுடைய நுண்ணறை அணு இளமைநிலைக்குத் திரும்பிப் பெருகத் தொடங்குகிறது. அவ்வழற்சிப் பொருளைத் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன. புகை புதிய பிறழ்வை உண்டாக்க வேண்டும் என்பதில்லை. உறங்கும் பிறழ்வை எழுப்பினாலே போதும். எழுப்பும் குரல் பெருவிழுங்கிகளிடமிருந்தும் வருகிறது.

இச்செய்தி நமக்குத் தொலைவிலுள்ளதன்று. 2015-இலும் 2019-இலும் அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டத்தால் நம் நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. 2022 சனவரியில், சுங்கை பினாங்கிற்கு அண்மையிலுள்ள ஜெலுத்தோங் குப்பைமேடு தீப்பற்றியபோது எழுந்த புகையைச் சுற்றுவட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார். சில நாள் புகையால் புற்றுநோய் வந்துவிடும் என்று இவ்வாய்வு கூறவில்லை. அவ்வாறு அச்சுறுத்துவது முறையன்று. ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் ஊர்திப் புகையும் நகரத்துக் காற்றும் பற்றியே அது பேசுகிறது. வெளிக்காற்று மாசினை மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-லேயே வகைப்படுத்திவிட்டது.

அப்படியாயின் அழற்சியைத் தடுக்கும் மருந்தொன்றே போதாதா? மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் 'கனாகினுமாப்' என்னும் இன்டர்லூக்கின் தடுப்பு மருந்தைச் சோதித்தபோது, மிகுந்த அளவு பெற்றோரிடையே நுரையீரற் புற்றுநோய் தெளிவாகக் குறைந்தது 2017-இல் வெளியாயிற்று. அதே சோதனையில் உயிர்போக்கும் தொற்றுநோய்கள் சற்றுக் கூடியதும் தெரிந்தது. பின்னர், ஏற்கெனவே நுரையீரற் புற்றுநோய் கண்டோர்க்கு அம்மருந்தைக் கொடுத்து நடத்திய பெருஞ்சோதனைகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. தொடக்கத்தில் பயன்படுவது முற்றிய நிலையில் பயன்படுவதில்லை. ஒன்றைத் தணித்தால் வேறொன்று தலைதூக்குகிறது. காலமும் இடமும் அறிந்தே மருந்து செயல்படும்.

7. நினைவோடு உறைபவை

இதுவரை கூறியவற்றால், உறையும் அணுக்கள் யாவும் கட்டிக்குத் துணைநிற்பன என்று கொள்ளலாகாது. மற்றோர் உறையணு உண்டு. அது 'உறைநினைவு டி அணு'. முன்பு சந்தித்த நோயை நினைவில் வைத்திருக்கும் டி அணுக்களுள் ஒரு பகுதி, இரத்தத்தில் திரியாமல் தோலிலும் குடலிலும் நுரையீரலிலும் தங்கிவிடுகிறது. அதன் மேற்பரப்பிலுள்ள புரதமொன்று திசுச்சுவரின் அணுக்களைக் கொக்கிபோல் பற்றிக்கொள்கிறது. அந்நோய் மீண்டும் வருமாயின், இரத்தத்திலிருந்து உதவி வரும்வரை காத்திராமல் அங்கேயே தாக்குகிறது.

2017-இல் அமெரிக்காவின் லா ஹோயா நோயெதிர்ப்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த பாண்டுரங்கன் விஜயானந்தும் அனுஷா பிரீத்தி கணேசனும் பிரித்தானிய ஆய்வாளர்களோடு இணைந்து, நுரையீரற் புற்றுநோய்க் கட்டிகளுக்குள் புகுந்திருந்த கொல்லும் டி அணுக்களை ஆராய்ந்தனர். எந்நோயாளியின் கட்டியில் இவ்வுறைநினைவு அணுக்கள் செறிந்திருந்தனவோ, அவரிடத்தில் எதிர்ப்பு வலுவாக இருந்தது. அவர் நெடிது வாழும் வாய்ப்பும் மிகுந்திருந்தது.

இவ்வணுக்களுள் பலவற்றின் மேற்பரப்பில் 'பி.டி.-1' என்னும் தடைக்குமிழ் உண்டு. கட்டியணு அதனை அழுத்தி டி அணுவைச் செயலிழக்கச் செய்யும். அவ்வழுத்தத்தை நீக்கும் மருந்துகளே இன்று நுரையீரற் புற்றுநோய்க்கு வழங்கப்படும் எதிர்ப்புவழி மருந்துகள். இத்தகைய தடைகளை நீக்கும் நெறிக்காக ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். இம்மருந்துகள் எதிர்ப்பாற்றலைப் பொதுவாகக் 'கூட்டுவன' அல்ல. இருக்கும் அணுக்களின் ஒரு குறிப்பிட்ட தடையை விடுவிப்பன. உள்ளே உறைநினைவு அணுவே இல்லாத கட்டியில் விடுவிப்பதற்கு யாதுளது? ஒருவர்க்குப் பலித்த மருந்து மற்றொருவர்க்குப் பலிக்காமைக்கு இதுவும் ஒரு காரணம்.

8. 'கடி' என்னும் சொல் காட்டும் வழி

ஒரே அணு காப்பதும் கெடுப்பதும் எங்ஙனம் என்று மாணவர் வினவினால், தமிழாசிரியர்க்கு விடை கைவசம் உண்டு. தொல்காப்பியத்தின் உரியியலில் 'கடி' என்னும் சொல்லுக்குப் பல பொருள்கள் கூறப்படுகின்றன. காப்பு அவற்றுள் ஒன்று, அச்சம் மற்றொன்று, கூர்மை, புதுமை, விரைவு, மிகுதி முதலியனவும் உள. 'கடிநகர்' என்றால் காவல் மிக்க நகர். பேயோடு சேர்ந்து வரும்போதோ அதே 'கடி' அஞ்சத்தக்கதாகிறது. தனித்து நிற்கும் 'கடி'யைக் காட்டி இது நற்சொல்லா தீச்சொல்லா என்று கேட்பவர்க்கு விடை இல்லை. முன்னும் பின்னும் நிற்கும் சொற்களே பொருளைத் தீர்மானிக்கின்றன.

பெருவிழுங்கியும் அத்தகையதே. தெளிந்த காற்றில் அது படலத்தைத் துடைக்கும் பணியாள். நுண்ணுயிரின் முன் ஓசையில்லாக் காவல். முளைக்கும் கட்டியின் அருகில் நிழல். புகையில் அழற்சியின் குரல். அணு ஒன்று; அண்டை வேறு.

இதனால்தான் 'போர்வீரன்', 'துரோகி' என்னும் உருவகங்களை வகுப்பறையில் அளவோடு கையாள வேண்டும் என்கிறேன். உருவகம் கூடாது என்பதன்று. அஃதின்றி அறிவியலை விளக்கலும் அரிது. ஆனால் போர் உருவகம் மட்டுமே மனத்தில் பதிந்தால், நோயாளி தோற்றுப்போன படையின் தலைவனாகிறார். 'உன் எதிர்ப்புச் சக்தி போதவில்லை' என்னும் குற்றச்சாட்டு அவர்மேல் விழுகிறது. புகைபிடியாத பெண்ணொருத்திக்கு இந்நோய் வந்தால், 'மறைவாகப் புகைத்திருப்பாளோ?' என்னும் கிசுகிசுப்பும் சேர்கிறது. நோயோடு பழியையும் சுமக்க வேண்டியவர் இருமலை மறைப்பார். பரிசோதனைக்குச் செல்லத் தயங்குவார்.

தயக்கத்தின் விலை பெரிது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012-2016 அறிக்கையின்படி, நம் நாட்டு ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் நுரையீரற் புற்றுநோய் இரண்டாம் இடத்தில் உள்ளது. அந்நோயாளிகளுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்திலேயே கண்டறியப்படுகின்றனர். உறையணுக்கள் கட்டியோடு உறவாடும் அந்தத் தொடக்கக் கட்டம், அறுவையால் நோயை முற்றும் நீக்க வாய்ப்புள்ள கட்டம், நம்மவர்க்குப் பெரும்பாலும் தெரியாமலேயே கடந்துபோய்விடுகிறது.

9. வகுப்பறைக்கும் வீட்டுக்கும்

இறுதியாகச் சில பரிந்துரைகள்.

மாணவர்கள் வீட்டாரிடம் சொல்லத்தக்கவை இவை. மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், மூச்சிரைப்பு ஆகியவற்றுள் எதுவும் கண்டால், புகைப்பவராயினும் அல்லராயினும் மருத்துவரைக் காண வேண்டும். நெடுங்காலம் மிகுதியாகப் புகைத்தோர், குறைந்த கதிரளவில் எடுக்கும் 'சி.டி.' படப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். 53,000-க்கும் மேற்பட்ட அத்தகையோரிடம் அமெரிக்காவில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தோரைவிட அப்படப் பரிசோதனை பெற்றோரிடையே நுரையீரற் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்தது. வெண்சுருட்டை விடுதல் எவ்வயதிலும் பயன் தரும். குப்பையை எரிப்பதும் வீட்டுக்குள் புகைப்பதும் அண்டையார் நுரையீரலிலும் பெருவிழுங்கிகளைத் திரட்டும். எதிர்ப்பாற்றலைக் கூட்டுவதாக விற்கப்படும் பொருள் எதுவும் இவற்றுக்கு மாற்றாகாது.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் உயிரியல் நூலிலுள்ள 'மக்ரோஃபாஜ்', 'லிம்ஃபோசிட்', 'அந்திபோடி' ஆகிய மலாய் வழக்குச் சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் தமிழில் தம் பாட்டிக்கு மூன்று வாக்கியங்களில் விளக்கி எழுதச் சொல்லுங்கள். கலைச்சொல் தேடித் தருவது பிறகு ஆகட்டும். பெருவிழுங்கி, உறையணு, வருகையணு, ஒழுங்காற்று அணு, உறைநினைவு அணு என்று நான் இங்கு ஆண்ட சொற்களும் முடிந்த முடிபல்ல. இவற்றினும் எளியவை மாணவர் வாயிலிருந்து வரக்கூடும். எழுதியதைப் பாட்டியிடம் படித்துக்காட்டி, அவர் திருப்பிக் கேட்ட கேள்வியையும் குறித்துவரச் சொல்லுங்கள். எவ்விடத்தில் அவர் கேள்வி எழுகிறதோ, அவ்விடத்தில் நம் சொல் இன்னும் செப்பமாக வேண்டும் என்று பொருள். அக்கேள்விகளைத் தொகுத்து மன்றத்திற்கு அனுப்பினால், அடுத்துவரும் சொல்லாக்கப் பட்டறையை அவற்றிலிருந்தே தொடங்கலாம்.